பாட்டுக் கேட்க வந்த கடல்

புன்னைத்துறையில் கடல் முதன்முதலாகப் பாட்டுக் கேட்க வந்த ஞாயிற்றுக்கிழமையில் எமரன்சியா கொரையா தன் செருப்பை ஐஸ் கம்பெனி வாசலில் கழற்றிப் போட்டிருந்தாள், ஆகையால் முதலில் நனைந்தது அந்தச் செருப்புதான்; அதில் ஒன்று மிதந்து உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது, பாட்டு முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம் என்பதால், ஒன்றும் சொல்லாமல் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாசலில் தயங்கியது. பிறகு, கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் நுழைவதுபோல ஓரமாக நுழைந்து, சுவரை ஒட்டியே பரவி, ஸ்பீக்கருக்கு முன்னால் கணுக்கால் ஆழத்துக்கு அமர்ந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விட்டது. தரையில் ஒரு நண்டு மட்டும் வழி தெரியாமல் நின்றது.

"மழை பெய்ஞ்சிச்சோ?" என்றார் மீரான் சாகிபு.

கொம்பையா குனிந்து தரையைத் தொட்டு விரலை நக்கினான். "மழைத் தண்ணி இப்படிக் கரிக்காது பாய். வந்தது கடலு."

"கடலா இருந்தா கதவைத் தட்டிட்டு வரக்கூடாதா?" என்று எமரன்சியா செருப்பை உதறினாள். அவ்வளவுதான். அடுத்த கேசட்டைப் போட்டார்கள்.

அது மீரான் சாகிபின் பழைய ஐஸ் கம்பெனி. எந்திரங்களை எப்போதோ விற்றாகிவிட்டது; ஆனாலும் சுவர்களில் பழைய குளிர் மிச்சமிருந்தது, வாசல் கடலைப் பார்த்திருந்தது, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் நான்கு பேர் அங்கே கூடினார்கள். ஆளுக்கொரு பாட்டுக் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டாக வேண்டும், பிடிக்காவிட்டாலும் பாதியில் எழுந்து போகக் கூடாது, அதுதான் முறை. மீரானுக்கு, தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் போகிற பக்கீர்களின் பாட்டென்றால் சோறு வேண்டாம். உப்பு லாரி ஓட்டுகிற கொம்பையா, கோயில் கொடைகளில் கணியான்கள் மகுடம் என்கிற பறையை அடித்துப் பாடுவதை விடிய விடிய உட்கார்ந்து கேசட்டில் பிடித்து வருவான். எமரன்சியா கொண்டுவருவது அம்பாப் பாட்டு. துடுப்பு வலிக்கிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் மூச்சுக்கு மூச்சு போட்டுப் பாடுகிற பாட்டு.

நாலாவது ஆள் மெல்கியோர் வாஸ். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைச் சரிபார்க்கும் வேலை. வெள்ளைக்கார மாலுமிகளுக்கு முந்திரி மக்ரூன் மிட்டாய் கொடுத்துக் கொடுத்து, பதிலுக்கு ராக் பாட்டு ரெக்கார்டுகளாக வாங்கி வாங்கி, வீட்டில் படுக்க இடமில்லாமல் சேர்த்து வைத்திருந்தார். அவற்றிலெல்லாம் அவருக்கு உயிர், ஏதோ ஒரு மழை ஓயாத வெளிநாட்டுத் துறைமுகத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வாசித்த ஒரு ரெக்கார்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதைக் கொண்டுவராத ஞாயிறு குறைவு. அதில் ஒரு கெட்ட வழக்கமும் அவருக்கு இருந்தது. பாட்டு ஓடும்போதே பேசுவார்.

"இப்பக் கேளுங்க, இப்பக் கேளுங்க, இந்த இடத்துலதான் அவன் கித்தாரை அழவிடுவான்..."

"நீரு வாயை மூடினா கேட்டுக்குவோம் வாஸ்."

"எந்த இடத்தைக் கேக்கணும்னு தெரியணும்லா எமரம்மா? அதத்தான் சொல்லுதேன்."

"எங்க காதை நாங்க ஒம்ம வீட்டுல இரவல் வாங்கிட்டு வரல."

எமரன்சியாவுக்கும் வாஸுக்கும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுளை ஊராரின் குரல்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டுக் கழித்தவள்; யார் அழுது முடித்துவிட்டுப் பேசுகிறார்கள், யார் அழுவதற்கு முன்னால் பேசுகிறார்கள் என்று முதல் ஹலோவிலேயே தெரிந்துகொள்கிற காது அது. பிறகு எல்லா டெலிபோனும் தானாகவே பேசிக்கொள்ளக் கற்றுக்கொண்டன, அவள் குரல் யாருக்கும் தேவைப்படாமல் போயிற்று. கல்யாணம் கட்டவில்லை. திங்களிலிருந்து சனி வரை பால்காரரோடும் பூனையோடும் பேசினாள்; இரண்டு பேருமே பதில் சொல்வதில் கருமிகள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வாரம். மற்ற நாட்கள் அந்த வாரத்துக்குப் போகிற வழி.

இனி ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும்.

புன்னைத்துறையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பாட்டன் காலத்து வழக்கம், அன்று கட்டுமரம் இறங்காது, வலை நனையாது. மற்ற நாளெல்லாம் மனிதரைச் சுமந்த கடலுக்கு அன்று ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத நாளில் பாட்டுச் சத்தம் கேட்கிற பக்கம் போகாதவர் யார்? இதற்குமேல் ஊரில் யாரும் காரணம் தேடவில்லை. தேடுவதற்கு நேரமும் இல்லை, ஏனென்றால் கடல் வருகிற வழி சவேரியார் தெரு, அந்தத் தெருவில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களும் கருவாடு காயப்போடுகிறவர்களும் குஞ்சு பொரிக்க வைத்த கோழிகளும் இருந்தார்கள். முதலில் சண்டை நடந்தது. பிறகு வாசற்படியை ஒரு கல் உயர்த்திக் கட்டினார்கள். பிறகு, கடல் ஒருவர் வீட்டுக்குள்ளும் நுழையாமல் தெருவின் நடுவாகவே நேராக ஐஸ் கம்பெனிக்குப் போய்த் திரும்புகிறது என்று கண்டுகொண்டதும், பெண்கள் படியில் உட்கார்ந்து அதில் காலை விட்டுக்கொண்டு பேன் பார்க்கத் தொடங்கினார்கள். தெருவில் பின்தங்கிப்போன மீன்களை, ஞாயிறு என்பதால், யாரும் குழம்பு வைக்கவில்லை. குடத்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்து, கடல் திரும்பிப் போகையில் கூடவே கொட்டி அனுப்பினார்கள். சுவாமியாருக்கு மட்டும் மனதில் ஒரு சின்ன வருத்தம். இத்தனை தூரம் வருகிற கடல் அரை மணி முன்னதாகக் கிளம்பினால் பூசையில் பிரசங்கமும் கேட்கலாமே என்று சொன்னார். ஆனால் கடல் பிரசங்கத்துக்கு ஒருநாளும் வரவில்லை.

கடலுக்கும் பிடித்தது பிடிக்காதது இருந்தது. மகுடச் சத்தத்துக்குத் துள்ளித் துள்ளிச் சுவரை நனைத்தது. பக்கீர் பாட்டுக்குக் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. எமரன்சியா அம்பாப் பாட்டுப் போட்டபோது இரண்டு பக்கமும் மெல்ல ஆடியது; எத்தனையோ காலமாகத் தன் முதுகின்மேல் பாடப்பட்ட பாட்டை அன்றைக்குத்தான் எதிரில் உட்கார்ந்து கேட்டது. எமரன்சியாவின் கண் நிறைந்துவிட்டது, தரையில் அத்தனை உப்புத் தண்ணீர் கிடந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் கடல் முழங்கால் ஆழத்துக்கு வந்தது வாஸின் ரெக்கார்டுக்கு மட்டும்தான்.

"ஒங்க பாட்டுக்கெல்லாம் கணுக்காலு. என் பாட்டுக்கு முழங்காலு," என்று வாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்லுவார்.

"ஒங்க பாட்டு கனம் தாங்காம தரை முங்கிப்போச்சு அண்ணாச்சி," என்பான் கொம்பையா.

ஊர்க் கமிட்டித் தலைவர் கசுமீர் மிராண்டா ஒரு ஞாயிற்றில் பெரிய பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "கேளுங்க. கடலு பாட்டுக் கேக்கட்டும், வேண்டாங்கல. ஆனா திங்கக்கெழம கருக்கல்ல படகு எறங்கணும். ஞாயிறு சாயங்கால மணி அடிக்கையில கடலு கடல்ல இருக்கணும். ஒருநாளு, ஒரேயொரு நாளு அது தங்கிப்போச்சுன்னா, பாயி, இந்தப் பூட்டு ஒங்க கதவுல. அதுக்கப்புறம் பாட்டும் கெடையாது, கூட்டமும் கெடையாது. ஊரு வயிறு முக்கியம்."

அவர் சொன்னது நியாயம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எமரன்சியா அந்தப் பூட்டைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் பூனையிடம் சொன்னாள். பூனை முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

கடல் ஒருநாளும் தங்கவில்லை. கடைசிப் பாட்டின் கடைசிச் சத்தம் அடங்கியதும், யாரும் சொல்லாமலே, எழுந்து போயிற்று. பாட்டு முடியுமுன் எழுந்து போனதும் இல்லை. அந்த மரியாதையை மெல்கியோர் வாஸ் அதனிடம் கற்றுக்கொள்ளலாம் என்று எமரன்சியா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அப்படியிருக்க, வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், அன்று கடைசிப் பாட்டு வாஸுடைய முறை என்பதால் அந்த ரெக்கார்டு சுழன்றுகொண்டிருக்க, கடல் முழங்கால் ஆழத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, கித்தார் ஏறி ஏறி ஒரு உச்சியில் நிற்கப்போகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. பாடிக்கொண்டிருந்தவனின் குரல் காளை மாட்டுக் குரலாகத் தடித்து, கனைத்து, நின்றது.

கடல் காத்திருந்தது.

அவர்களும் காத்திருந்தார்கள். கொம்பையா நீந்தாத குறையாகத் தெருமுனை வரை போய் விசாரித்து வந்தான். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது, நாளைக்குத்தான் ஆள் வரும். வெயில் சாயத் தொடங்கியது. எமரன்சியா பேட்டரியில் ஓடுகிற டேப்பில் தன் அம்பாப் பாட்டைப் போட்டுப் பார்த்தாள். கடல் மரியாதையாகக் கேட்டது. முடிந்தபின்பும் நின்றது. மீரான் தன் பங்குக்கு, "பாட்டு அவ்வளவுதான், போயிட்டு வாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கடல் இன்னும் ஒரு விரல் உயர்ந்தது.

"மீதியைக் கேக்காம போகாது," என்றாள் எமரன்சியா.

"மீதிக்கு எங்க போறது?"

"நம்ம வாய் என்னத்துக்கு இருக்கு?"

கொம்பையா பழைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு டிரம்ஸ் அடித்தான். மீரான் அடித்தொண்டையில் அந்தப் பாட்டில் வருகிற பேஸ் கித்தாரை உறுமினார். பாடுகிறவனின் இடத்தைக் கொம்பையாவே அர்த்தம் தெரியாத இங்கிலீசில் பாடினான். வாஸ் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கித்தாரை நெஞ்சோடு அணைத்து, மூக்காலும் பல்லாலும் நாக்காலும் அதன் தந்திகளை மீட்டினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி வந்ததுபோல் இருந்திருக்கும். ஆனால் ஒரு பாட்டை உயிராக நேசிக்கிறவர்களின் உடம்பில் அந்தப் பாட்டு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று அன்று தெரிந்தது, தோளில் ஒரு தாளம், முழங்கையில் ஒரு வளைவு, தொண்டைக் குழியில் ஒரு திருப்பம், எல்லாம் அதனதன் இடத்திலிருந்து எழுந்து வந்தன. கடல் சிலிர்த்தது. கித்தார் உச்சிக்கு ஏறி நின்றது. டிரம்ஸ் ஓய்ந்தது.

வாஸ் நிறுத்திவிட்டார்.

"அதுக்கப்புறம் அண்ணாச்சி?"

"அதுக்கப்புறம்..." வாஸ் விழித்தார். "கடைசியில மெதுவா ஒண்ணு வரும்."

"என்ன வரும்?"

வாஸ் உள்ளங்கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "தெரியலயே. அந்த இடத்துல நான் பேசிக்கிட்டிருப்பேன்."

மீரான் கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா மீரானைப் பார்த்தான். அந்த இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் வாஸ் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாசலில், தெருத் தண்ணீரில் நனைந்தபடி, கசுமீர் மிராண்டா வந்து நின்றார். கையில் பூட்டு இருந்தது. மணி அடிக்கிற கோயிற்பிள்ளை மணிக்கூண்டுப் படி ஏறப் போய்விட்டதாக அவர் சொன்னார். சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

எமரன்சியா பூட்டைப் பார்க்கவில்லை. கதவுக்கு அப்பால் இருக்கிற நாட்களைப் பார்த்தாள். திங்களிலிருந்து சனி வரை போய், எங்கேயும் சேராமல் மறுபடியும் திங்களுக்கே வருகிற வழியை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பாடினாள்.

அது சின்ன ராகம். இருட்டில் படி இறங்குகிற வயதானவர் ஒவ்வொரு படியிலும் நின்று அடுத்ததைக் காலால் தேடுவதுபோல ஒவ்வொரு சுரமாக நின்று இறங்கியது. கரையில் ஒரு விளக்கை அணைக்காமல் வைத்திருங்கள் என்று அதில் ஒருவன் யாரிடமோ சொல்கிறான். யாரிடம் என்று சொல்வதில்லை. அவள் குரல் பழைய டெலிபோன் கம்பியில் வருகிற குரல் போல மெலிந்திருந்தது, ஆனால் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. பாடி முடித்தாள்.

கடல் போகவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் வந்தது. இடுப்பைத் தொட்டது. ஏதோ குறைகிறது என்று கேட்டுத் தலையைச் சாய்த்ததுபோல ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அவள் யோசித்தாள். அந்த ரெக்கார்டைக் கடல் வேறெங்கே கேட்டிருக்கிறது? இந்தக் கூடத்தில், இந்த நாலு பேரோடு, எப்போது கேட்டாலும் வாஸின் பேச்சோடுதான் கேட்டிருக்கிறது.

"வாஸ்," என்றாள். "பேசும்."

"என்னத்த?"

"எப்பவும் என்ன பேசுவீரோ அதத்தான். நான் பாடுதேன். நீரு என்னைப் பாடவிடாமப் பேசும்."

"எமரம்மா, மணி அடிக்கப்போற நேரத்துல..."

"வேண்டாங்கையில வாய் ஓயாது. பேசச் சொன்னா ஊமையாயிருவீரே. பேசும் ஓய்!"

அவள் மறுபடியும் ராகத்தின் மேல்படியில் கால் வைத்தாள். வாஸ் உதட்டை நனைத்துக்கொண்டார். "இப்பக் கேளுங்க," என்றார், ரெக்கார்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. "இப்பக் கேளுங்க. டிரம்சுக்காரன் குச்சியைக் கீழ வச்சுட்டான். மத்தவன்லாம் எழுந்து போயிட்டான். இனி இவன் மட்டுந்தான். இந்த ரெக்கார்டைத் தந்தவன் பேரு எனக்குத் தெரியாது. மக்ரூனை வாயில போட்டுக்கிட்டு, எங்க ஊருக் கடலு இப்படித்தான் சத்தம் போடும், நீ கேட்டுப் பாருன்னான். அடுத்த தடவ வரும்போது எப்படி இருந்திச்சுன்னு சொல்லுன்னான். நல்லா இருந்திச்சுன்னு சொல்லணும்னு அந்தக் கப்பலு வரும் வரும்னு பாத்தேன். வரல. யார்கிட்டயாவது சொல்லணும்லா? நல்லா இருக்குன்னு யார்கிட்டயாவது சொல்லணும்லா? அதான் ஒங்ககிட்டச் சொல்லுதேன். கேளுங்க, இந்த இடத்தக் கேளுங்க, நல்லா இருக்கா..."

அவர் பேசப் பேச அவள் பாடினாள். அவர் குரல் அவள் குரலின்மேல் ஏறியது, இடித்தது, விலகியது, அவள் நிறுத்தாமல் அதன் அடியிலேயே படிப்படியாக இறங்கினாள். கடைசிப் படியில் இருவரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

கடல் எழுந்தது. கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதுபோலச் சுழன்று, கசுமீரின் முழங்காலைக் கடந்து, சவேரியார் தெருவின் நடுவாக, குடங்களிலிருந்து கொட்டப்பட்ட மீன்களையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அதன் கடைசி நுரை மணலைத் தாண்டியபோது மணி அடிக்கத் தொடங்கியது.

கசுமீர் மிராண்டா பூட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வேட்டியைப் பிழிந்தார். "அடுத்த ஞாயிறு எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க," என்றார். "உசரமான நாற்காலியாப் பாத்து."

அவர் போனார். கொம்பையாவும் மீரானும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். வாஸ் ரெக்கார்டைத் துண்டால் வெகுநேரம் துடைத்தார். நனையாத இடத்தையும் துடைத்தார்.

"எமரம்மா. இந்தப் பாட்டு காதுல ஆணி அடிக்குதுன்னு ஊரு பூரா சொல்லுவிய."

"இப்பவும் சொல்லுவேன். எனக்கு அது பிடிக்காது."

"பின்ன எப்படிக் கடைசி வரைக்கும், ஒரு எழுத்து விடாம..."

எமரன்சியா குனிந்து புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிறைய தண்ணீர் இருந்தது. பிழிந்து முடிக்க நேரமாயிற்று.

"ஒமக்குப் பிடிக்கும்லா," என்றாள்.